உரலில் பறக்கும் கிழவி: இவான் பிலிபினின் வாசிலிஸா படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைப் பற்றிய பேச்சு இது?

ரஷ்ய நாட்டுப்புறக் கதை என்றதும் பலர் கண்ணில் வந்து நிற்கும் இரண்டு படங்கள். ஒன்றில், காட்டுக்குள் தரையை ஒட்டி மர உரலில் ஏறிப் பறக்கிறாள் ஒரு கிழவி. நரைத்த தலைமுடி பின்னால் பறக்கிறது. ஒரு கையில் உலக்கை, மறு கையில் துடைப்பம். கீழே சிவப்புத் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்த நாய்க்குடைகள். இவள்தான் பாபா யாகா. மற்றொன்றில், கம்பின் நுனியில் செருகிய மண்டையோட்டைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். மண்டையோட்டின் கண்குழிகளிலிருந்து ஒளி பீறிட்டு வருகிறது. பின்னால் சூனியக்காரியின் குடிசை, மண்டையோடுகள் குத்திய வேலி, அதற்கும் பின்னால் அடர்ந்த காடு. அந்தப் பெண் வாசிலிஸா.

இரண்டையும் 1899, 1900 ஆண்டுகளில் வரைந்தவர் இவான் யாக்கவ்லெவிச் பிலிபின். ‘அழகி வாசிலிஸா’ கதைக்காக வரைந்த இவை 1902இல் நூலாக வந்தன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

கதை தெரியாமல் படத்தைப் பார்த்தால் புரியுமா?

பார்க்கலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வாசிலிஸாவுக்கு எட்டு வயதில் தாய் இறந்துபோகிறாள். சாகும்முன் மகளுக்கு ஒரு சிறு பொம்மையைக் கொடுத்து, ‘இதை யாருக்கும் காட்டாதே, துன்பம் வந்தால் இதற்குச் சாப்பிடக் கொடு, வழி கேள்’ என்கிறாள். அப்பா மறுமணம் செய்கிறார். வந்த சித்திக்கு இரண்டு பெண்கள். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் எந்த ஊர்க் கதையிலும் சித்தி நல்லவளாக இருந்ததில்லை. ஒரு நாள் இரவு வீட்டு விளக்கை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ‘போய் பாபா யாகாவிடம் நெருப்பு வாங்கி வா’ என்று வாசிலிஸாவைக் காட்டுக்குத் துரத்துகிறார்கள்.

பாபா யாகாவின் வீட்டுக்கு மனித எலும்பில் வேலி. வேலியின் மேல் மண்டையோடுகள். இருட்டியதும் அவற்றின் கண்கள் எரியும். கிழவி சமைக்கச் சொல்கிறாள், துணி துவைக்கச் சொல்கிறாள், கோதுமையில் கலந்த கருப்புத் தானியத்தைப் பொறுக்கச் சொல்கிறாள். மறுநாள் கசகசாவிலிருந்து மண்ணைப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ராத்திரியில் பொம்மை செய்து முடித்துவிடுகிறது. ‘எப்படிச் செய்தாய்?’ என்று கிழவி கேட்க, ‘என் தாயின் ஆசி’ என்கிறாள் வாசிலிஸா. ஆசி பெற்றவர்களுக்கு அந்த வீட்டில் இடமில்லை! பிடித்து வெளியே தள்ளி, வேலியிலிருந்து ஒரு மண்டையோட்டைக் கம்பில் குத்திக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

வாங்கி வரச் சொன்ன நெருப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் மண்டையோட்டின் கண்கள் சித்தியையும் அவள் பெண்களையும் விட்டு நகரவில்லை. எங்கே ஓடி ஒளிந்தாலும் பின்தொடர்ந்து எரிக்கின்றன. விடிவதற்குள் மூவரும் கரி. வாசிலிஸாவுக்கு ஒரு சூடுகூடப் படவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது படத்தை மறுபடி பாருங்கள். அவள் கையில் இருப்பது வெறும் விளக்கு இல்லை, தீர்ப்பு. அது அவளுக்கே இன்னும் தெரியாது. பிலிபின் தேர்ந்தெடுத்தது சரியாக அந்த நிமிடத்தை.

கதையும் பிலிபின் எழுதியதா?

இல்லை. அலெக்சாந்தர் அஃபனாசியெவ் தொகுத்து 1855 முதல் 1863 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இருப்பது.

பிலிபின் எங்கே ஓவியம் படித்தார்?

1876இல் பீட்டர்ஸ்பர்க் அருகே பிறந்தவர். அப்பா கடற்படை மருத்துவர். பல்கலைக்கழகத்தில் படித்தது சட்டம். 1900இல் அந்தப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். சட்டம் படித்துக்கொண்டே ஓவியத்தின் பின்னால் ஓடியவர். 1898இல் மியூனிக் போய் ஆன்டன் அஷ்பே நடத்திய பள்ளியில் கொஞ்ச காலம். திரும்பி வந்து, இளவரசி தெனிஷெவாவின் பள்ளியில் இல்யா ரெபினிடம்.

ரெபின் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வோல்கா நதியில் படகு இழுக்கும் கூலிகளை வேர்வையும் அழுக்குமாக வரைந்த யதார்த்த ஓவியர் அவர். எண்ணெய் வண்ணம், ஒளி, சதை, முகபாவம் எல்லாம் அவருடைய சொத்து. அவரிடம் படித்த மாணவரின் படங்களிலோ ஒளி நிழல் கிடையாது, ஆழம் கிடையாது, தூரிகைத் தடமே கிடையாது. குருவிடம் என்ன கற்றார் என்று கேட்டால், ஒழுங்காக உட்கார்ந்து வரையக் கற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பம் 1899இல் வந்தது. விக்தர் வாஸ்னெத்சோவ் வரைந்த ‘வீரர்கள்’ என்ற பெரிய ஓவியம் அந்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பழங்கதைகளின் மூன்று வீரர்கள் குதிரைமேல் எல்லையைக் காத்து நிற்கும் படம். அதைப் பார்த்துவிட்டு ஆடிப்போனார் பிலிபின். அதே கோடையில் த்வேர் மாகாணத்தின் எக்னி என்ற சிற்றூருக்குப் போய்த் தங்கினார். காடு, ஓடை, பாசி படர்ந்த அடிமரம், மரவீடுகள் என்று அங்கே கண்டதையெல்லாம் வைத்துக்கொண்டு கதைப் படங்களை ஆரம்பித்தார்.

பணம் அச்சடிக்கும் அச்சகம் சூனியக்காரிப் புத்தகம் போட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ரஷ்ய அரசின் ரூபிள் நோட்டுகளையும் பிற அரசு ஆவணங்களையும் அச்சிடுவதற்காக 1818இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஏற்படுத்திய நிறுவனம் ‘அரசு ஆவணங்கள் தயாரிப்புத் துறை’. கள்ளநோட்டு அடிக்க முடியாதபடி மெல்லிய கோடுகளைப் பிசகாமல் அச்சிடுவது அவர்களுடைய அன்றாட வேலை. சிறந்த காகிதம், சிறந்த மை, சிறந்த கைவினைஞர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். அந்த அச்சகம்தான் பிலிபினின் படங்களை எடுத்துக்கொண்டு 1901 முதல் 1903 வரை ஆறு கதைப் புத்தகங்களை வெளியிட்டது. ‘இளவரசன் இவானும் நெருப்புப் பறவையும் சாம்பல் ஓநாயும்’, ‘தவளை இளவரசி’, ‘ஃபினிஸ்ட் என்ற வல்லூறின் இறகு’, ‘அழகி வாசிலிஸா’, ‘மாரியா மொரேவ்னா’ ஆகியவை ஐந்து. ஆறாவது, அல்யோனுஷ்கா என்ற அக்காவும் அவள் தம்பியும் வரும் கதையோடு ‘வெள்ளை வாத்து’ சேர்ந்தது.

ஒவ்வொன்றும் பன்னிரண்டே பக்கம். பெரிய அளவு, கனமில்லாத புத்தகம். ஆறுக்கும் ஒரே அட்டை: மூன்று வீரர்கள், பெண்முகப் பறவை சிரின், பலதலை நாகம், பாபா யாகாவின் குடிசை எல்லாரும் அதில் கூடியிருப்பார்கள்.

ரூபிள் நோட்டு அச்சகத்துக்கும் பிலிபினின் கோட்டுக்கும் நடந்தது பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் என்றே சொல்வேன். இவர் படத்துக்கு வேண்டியது துல்லியம். அவர்களிடம் இருந்தது அது மட்டும்தான்.

அந்தக் கோட்டை எப்படிப் போட்டார்? பேனாவா?

தூரிகை. பார்த்தால் நம்ப முடியாது. கம்பியை வளைத்து ஒட்டியதுபோல ஒரே தடிமனில், நடுக்கமில்லாமல் ஓடும் கருங்கோடு அது.

முதலில் பென்சிலில் முழுப் படத்தையும் தனித்தாளில் தீர்மானித்துவிடுவார். பிறகு ஒளி ஊடுருவும் தாள் வைத்து நல்ல ஓவியத் தாளுக்கு மாற்றுவார். அடுத்து, மயிர் நுனியைச் சாய்வாக வெட்டிய மெல்லிய தூரிகையை மையில் தோய்த்து, உலோகத் தகட்டில் உளி ஓட்டுகிற மாதிரி கோடு போடுவார். கோடு முடிந்த பிறகுதான் நீர்வண்ணம். ஒரு கட்டத்துக்குள் ஒரு நிறம், சமமாக. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இரும்புக்கை இவான்’.

பாபா யாகா படத்தில் அந்தக் கிழவியின் தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். காற்றில் சிதறும் முடிதான், ஆனால் ஒவ்வொரு கற்றைக்கும் ஆரம்பமும் முடிவும் உண்டு. எந்தக் கோடும் இன்னொன்றின்மேல் தடுக்கி விழவில்லை. பேய் பிடித்த கிழவியை இத்தனை நிதானமான கையால் வரைந்தது எப்படி என்று ஆச்சரியப்படுகிறேன். பயமும் அதனால்தான் கூடுகிறது. அலங்கோலமாகக் கிறுக்கியிருந்தால் கார்ட்டூன் ஆகியிருக்கும்.

அச்சிட்ட முறை என்ன?

வண்ணக் கல்லச்சு. சுண்ணாம்புக் கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவத்தை ஏற்றி, கல்லை ஈரப்படுத்துவார்கள். ஈரம் பட்ட இடம் அச்சு மையைத் தள்ளிவிடும். பசை உள்ள இடம் பிடித்துக்கொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். எத்தனை நிறமோ அத்தனை முறை அதே தாள் அச்சுக்குள் போய் வர வேண்டும். ஒரு முறை இம்மி விலகினாலும் நிறம் கோட்டைத் தாண்டி வழியும்.

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி படங்களும் இதே வகை அச்சுதான். அவர் 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கியது பிலிபினின் புத்தகங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு. ஆனால் நோக்கம் நேரெதிர். ரவிவர்மாவின் அச்சகம், எண்ணெய் ஓவியத்தின் மெருகையும் சதையின் மென்மையையும் அச்சில் கொண்டுவரப் படாதபாடு பட்டது. அதற்கு நிறத்தின்மேல் நிறம் ஏற்ற வேண்டும். பிலிபினோ வரையும்போதே அச்சகக்காரனைப்போல யோசித்தார். தட்டையான நிறம், மூடிய கோடு. கல்லுக்கு எது எளிதோ அதையே தன் பாணியாக்கிக்கொண்டார்.

அப்படியென்றால் ‘மூலப் படம்’ எது? தாளில் வரைந்ததா, அச்சானதா?

அருங்காட்சியகத்தில் கேட்டால் தாளில் வரைந்தது என்பார்கள். என்னைக் கேட்டால் அச்சான பக்கம். அவர் தனி ஓவியம் வரைந்து அதைப் புத்தகத்தில் ஒட்டவில்லை. எழுத்து எங்கே வரும், ஓர வேலைப்பாடு எங்கே முடியும், பக்கத்தைப் புரட்டினால் கண் எங்கே விழும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய படைப்பு. இணையத்தில் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்படத்தை மட்டும் பகிர்கிறார்களே, அது மணவறையை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் போட்டோ எடுப்பது மாதிரி.

படத்தைச் சுற்றி அந்த ஓர வேலைப்பாடு எதற்கு?

மூன்று வேலை செய்கிறது. ரஷ்ய கிராமத்து மரவீடுகளில் சன்னலைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த மரச்சட்டம் இருக்கும். அந்தச் சன்னல் வழியாகக் கதைக்குள் எட்டிப் பார்க்கும் உணர்வு, இந்த ஓரத்தால் நமக்கு வருகிறது, இது முதலாவது. இரண்டாவது, ஓரத்திலேயே துணைக்கதை நடக்கும்: காளான், பறவை, செடி, சில சமயம் கதையில் வரப்போகும் ஒரு ஜந்து. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. படம் எவ்வளவு பயங்கரமானாலும் சட்டம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. எலும்பு வேலியையும் எரியும் கண்களையும் குழந்தை தைரியமாகப் பார்க்கலாம், அது சன்னலுக்கு அந்தப்பக்கம்தானே இருக்கிறது.

உடை, வீடு, வேலைப்பாடு எல்லாம் கற்பனையா, பார்த்து வரைந்ததா?

முதல் புத்தகங்களில் இரண்டும் கலந்தது. பிறகு பார்த்து வரைந்தது அதிகம். 1902 முதல் 1904 வரை பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தின் இனவரைவியல் பிரிவு அவரை வடக்குப் பகுதிகளுக்கு அனுப்பியது. வோலோக்தா, அர்ஹாங்கெல்ஸ்க், அலோனெத்ஸ் மாகாணங்களில் அலைந்து பழைய மரக் கோயில்களைப் புகைப்படம் எடுத்தார். எம்பிராய்டரித் துணிகள், உடைகள், செதுக்கு மரச் சாமான்கள் சேகரித்தார். வடநாட்டுக் கிராமக் கலை பற்றி 1904இல் கட்டுரையும் எழுதினார்.

அதன் பலன், அந்தப் பயணங்களுக்குப் பின் 1905இல் வந்த ‘ஜார் சல்தான்’ (கவிஞர் புஷ்கின் எழுதிய கதைப்பாடல்) படங்களில் தெரியும். மேசை விரிப்பு, தலைக்கவசம், அடுப்பின் ஓடு எல்லாம் பெயர் சொல்லக்கூடிய பொருட்களாகிவிடும். துணிக்கடைக்காரர் பார்த்தால் எந்த மாகாணத்துப் பூவேலை என்று கேட்பார்.

ஆனால் கதைத்தன்மை என்று பார்த்தால் எனக்கு வாசிலிஸாதான். சல்தானில் பட்டும் பொன்னும் பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. வாசிலிஸாவில் காடு மூச்சுவிட இடம் இருக்கிறது.

வெள்ளை, சிவப்பு, கருப்புக் குதிரைவீரர்கள் யார்?

வாசிலிஸா காட்டில் நடந்து போகும்போது ஒரு வெள்ளைக் குதிரைவீரன் கடக்கிறான், பொழுது புலர்கிறது. சிவப்பு வீரன் கடக்கிறான், சூரியன் எழுகிறது. பாபா யாகாவின் வாசலுக்கு வந்ததும் கருப்பு வீரன் பாய்ந்து வந்து மறைகிறான், இரவு கவிகிறது. பிறகு அவர்கள் யாரென்று வாசிலிஸா கேட்கும்போது, ‘என் பகல், என் சூரியன், என் இரவு, மூவரும் என் விசுவாசமான வேலைக்காரர்கள்’ என்கிறாள் கிழவி. குடிசையில் உட்கார்ந்து பெண்ணை மிரட்டும் சூனியக்காரி திடீரென்று காலத்துக்கே எசமானி ஆகிவிடுகிறாள்.

மூவருக்கும் தனித்தனிப் படம் வரைந்திருக்கிறார் பிலிபின். சிவப்பு வீரனைப் பாருங்கள்: குதிரையும் சிவப்பு, உடையும் சிவப்பு. வீரனின் நிறமே வெயில். தட்டை நிறம் என்று முன்னே சொன்னேனே, அதன் முழுப் பலம் இங்கே இருக்கிறது.

கோழிக்கால் குடிசை என்பது என்ன?

பாபா யாகாவின் குடிசை கோழிக்கால்களின் மேல் நிற்கும் என்பது ரஷ்யக் கதைகளில் வழக்கம். வடக்குக் காடுகளில் தானியத்தையும் இறைச்சியையும் விலங்குகளிடமிருந்து காக்க, வேரோடு நிற்கும் அடிமரங்களின் உச்சியில் சிறு கிடங்கு கட்டுவார்கள். வேர்கள் விரல் விரித்தாற்போல இருப்பதால் அதுவே கோழிக்கால் ஆனது என்று சொல்பவர்கள் உண்டு.

ஜப்பானிய ஓவியத் தாக்கம் உண்டா?

தாராளமாக உண்டு. ஐரோப்பா முழுக்க அப்போது ஜப்பானிய மர அச்சுப் படங்களின் மோகம். சல்தான் நூலில், அரசியையும் குழந்தையையும் பீப்பாயில் அடைத்துக் கடலில் விட்ட காட்சி வரும். அந்த அலைகளைப் பார்த்த உடனே ஹொக்குசாயின் ‘பெரும் அலை’ நினைவுக்கு வரும். ஒளிக்கவும் இல்லை அவர். கூடவே ரஷ்யச் சந்தைகளில் மலிவாக விற்ற மர அச்சுப் படங்களின் தாக்கமும் உண்டு.

ஆர்தர் ராக்ஹாம் படங்களோடு ஒப்பிட்டால்?

இருவரும் சமகாலம். இங்கிலாந்தில் ராக்ஹாம், கொஞ்சம் பின்னால் எட்மண்ட் துலாக், கே நீல்சன் எல்லாரும் பரிசுப் புத்தகச் சந்தைக்காக வரைந்தவர்கள். ஆர்ட் தாளில் மூவண்ணப் புகைப்பட அச்சில் படத்தைத் தனியாக அடித்து, புத்தகத்தில் ஒட்டுவார்கள். விலை அதிகம், பணக்கார வீட்டு கிறிஸ்துமஸ் பரிசு. ராக்ஹாமின் மரங்களுக்கு முகம் இருக்கும், கிளை விரலாகும், எல்லாம் பழுப்பு மூட்டத்தில் கரையும்.

பிலிபினின் மரம் மரம்தான். அது உங்களைப் பிடிக்க வராது. ஆனால் வரிசை வரிசையாக அடிமரங்கள் நின்று வானத்தை மறைத்துவிடும், வெளியே போக வழி தெரியாது. எனக்கு இந்தப் பயம்தான் அதிகம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. மனிதர்கள் விறைப்பு. வாசிலிஸாவின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நாடக மேடையில் நிறுத்தி வைத்த உருவம். பிற்காலப் படங்களில் உடை வேலைப்பாடு ஆளை விழுங்கிவிடுகிறது. அவர் மேடை வடிவமைப்பிலும் கொடிகட்டிப் பறந்ததில் ஆச்சரியமில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘பொற்சேவல்’ இசை நாடகம் 1909இல் மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேறியபோது காட்சி அமைப்பு பிலிபினுடையது.

கழுதைப் படம் போட்டுக் கைதானவர் இவரா?

இவரேதான். 1905 புரட்சியை ஒட்டி வந்த ‘ஷூப்பெல்’ என்ற நையாண்டி இதழில், ஜாரின் அரச சின்னங்கள் நிறைந்த பிரமாதமான அலங்காரச் சட்டத்துக்கு நடுவே, அரசர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கழுதையை வரைந்து வைத்தார். கதைப் புத்தகத்துக்குப் பழகிய அதே ஓர வேலைப்பாடு, அதே நேர்த்தி! இதழை மூடினார்கள், இவரை ஒரு நாள் காவலில் வைத்தார்கள்.

ரஷ்ய நாணயத்தில் உள்ள கழுகு இவருடையதா?

1917இல் ஜார் வீழ்ந்ததும் இடைக்கால அரசுக்காக, கிரீடமும் செங்கோலும் இல்லாத இருதலைக் கழுகை வரைந்தவர் இவர். சோவியத் யூனியன் கலைந்தபின் ரஷ்ய மத்திய வங்கி அதையொட்டிய சின்னத்தை எடுத்துக்கொண்டது. 1990களிலிருந்து 2015 வரையிலான ரூபிள் நாணயம் ஏதாவது கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். பணம் அச்சிட்டவர்கள் இவர் கதையை அச்சிட்டார்கள்; கடைசியில் இவர் கழுகு பணத்திலேயே ஏறிவிட்டது.

கடைசிக் காலம் எப்படிப் போனது?

1917க்குப் பின் கிரிமியா. உள்நாட்டுப் போர் முற்றியதும் 1920இல் கப்பலேறி எகிப்து. அங்கே அகதி முகாமில் இருந்து, பிறகு கெய்ரோவில் கிரேக்க வணிகர்களுக்குப் பைசாந்திய பாணி அலங்கார ஓவியங்கள் வரைந்து பிழைத்தார். பீங்கான் ஓவியரான அலெக்சாந்திரா ஷெகதீஹினா-பதோத்ஸ்கயாவை 1923இல் அங்கேதான் மணந்தார். அது அவருக்கு மூன்றாவது திருமணம். 1925இல் பாரிஸ். பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு 1936இல் லெனின்கிராதுக்கே (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) திரும்பி, கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை நகரை முற்றுகையிட்டது. பிலிபின் நகரை விட்டுப் போகவில்லை. கலைக் கழகக் கட்டடத்தின் நிலவறையில், குளிரிலும் பசியிலும், ‘த்யூக் ஸ்தெபானவிச்’ என்ற பழம்பாடல் வீரனின் கதைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். 1942 பிப்ரவரி 7 அன்று பட்டினியால் இறந்தார். ஸ்மோலென்ஸ்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில், கழகப் பேராசிரியர்களின் பொதுக்குழியில் அடக்கம் செய்தார்கள்.

சைபீரியப் பக்கம் பிலிபினோ என்று ஒரு ஊர் இருக்கிறதே?

அது சுகோத்காவில் இருப்பது. தங்கம் தேடிய நிலவியலாளர் யூரி பிலிபின் பெயரில் அமைந்தது. ஓவியருடைய பெயர் இல்லை. ஓவியரின் படைப்புகளைப் பார்க்க வேண்டுமானால் எஸ்தோனிய எல்லையில் உள்ள இவான்கொரோத் அருங்காட்சியகத்தில் அவருடையதும் மனைவியுடையதுமாக ஒரு நல்ல தொகுப்பு இருக்கிறது.

நாம் சிறுவயதில் படித்த சோவியத் புத்தகங்களில் இவர் படம் இருந்ததா?

முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நமக்கு வந்த தமிழ்க் குழந்தைப் புத்தகங்களில் பல சோவியத் ஓவியர்களின் கை உண்டு. எல்லாவற்றையும் பிலிபின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். வீட்டில் பழைய பிரதி இருந்தால் பின்பக்கத்தில் ஓவியர் பெயர் போட்டிருப்பார்கள். பெயர் இல்லையென்றால் கருங்கோட்டைப் பாருங்கள். கோடு நிறத்துக்குள் கரைகிறது என்றால் அவர் இல்லை.

பழைய அச்சு என்று சொல்லி விற்கிறார்கள். எப்படிச் சோதிப்பது?

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி போதும். நிறம் நிரம்பிய இடத்தில் வையுங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காகப் பூப்பூவாகச் சேர்ந்து தெரிந்தால் அது நவீன ஆஃப்செட் அச்சு. 1902ஆம் ஆண்டுத் தாளாக இருக்க வாய்ப்பில்லை. கல்லச்சில் நிறம் திட்டாகவோ, ஒழுங்கற்ற பொடி மணலாகவோ இருக்கும். கருங்கோடு முழுக் கருப்பாக, புள்ளி இல்லாமல் ஓடும்.

பக்கத்தின் ஓரத்தில் முதலெழுத்துகளும் ஆண்டும் இருப்பதைக் காட்டி ‘1900ஆம் வருஷப் பிரதி’ என்பார்கள். அது வரைந்த ஆண்டு. மறு அச்சிலும் அதேதான் இருக்கும். இன்னொரு விஷயம், பழைய பிரதியில் ரஷ்ய எழுத்துகள் 1918 சீர்திருத்தத்துக்கு முந்தைய முறையில் இருக்கும். மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் கடைசியில் ‘Ъ’ என்ற குறி தொங்கும். புதுப் பதிப்புகளில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் அப்படியே நகலெடுத்த பதிப்புகளில் இருக்கும். ஆகவே எழுத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

என் புத்தகத்திலோ அழைப்பிதழிலோ இந்தப் படங்களைப் பயன்படுத்தலாமா?

இந்தியாவில் ஓவியரின் காப்புரிமை அவர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை. பிலிபின் இறந்தது 1942. எனவே 2002ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: படத்துக்கு உரிமை போய்விட்டது என்பதால், இன்று ஒருவர் எழுதிய மொழிபெயர்ப்புக்கும் பக்க வடிவமைப்புக்கும் உரிமை போய்விட்டதாக ஆகாது. அந்தப் பகுதியை எடுக்காமல் படத்தை மட்டும் எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள்.

எந்த வயதுக் குழந்தைக்குக் காட்டலாம்?

ஐந்து வயதிலேயே காட்டலாம் என்பது என் கட்சி. கதையின் முடிவில் மூன்று பேர் கரியாவதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. பாட்டிகள் நமக்குச் சொன்ன கதைகளில் இதைவிட மோசமாகவும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். போனில் காட்டினால் நாய்க்குடையும் தெரியாது, வேலி மண்டையோடும் தெரியாது. முதலில் பாபா யாகா, பிறகு மூன்று குதிரைவீரர்கள், மண்டையோட்டுப் படம் கடைசியில். கிழவி கையில் துடைப்பம் எதற்கு என்று குழந்தை கட்டாயம் கேட்கும். உலக்கையால் தள்ளிப் பறந்துபோன தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே போகிறாள், யாரும் பின்தொடரக் கூடாதல்லவா.